அப்பாகிட்ட சொல்லு

ஜனவரி 21, புதன்

இதனால் எல்லாத் தெருவாசிகளுக்கும் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை எங்கள் வீட்டில் கொத்தமல்லிச் சட்னி காரமாகிவிட்டது. தேவைப்படுவோர் தயிர் ஊற்றிக்கொள்ளலாம். இவ்வறிவிப்பு சமையலறையில் அம்மாவால் வெளியிடப்பட்டு, எட்டடி தள்ளி ஹாலில் தட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் என் மூலமாக முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டது. அப்பா பெற்றுக்கொண்டார். தயிர் ஊற்றிக்கொள்ளவில்லை. வியர்த்தார்.

இந்த டைரி அப்பாவின் கடைக்கு ஒரு நூல் வியாபாரி கொடுத்தது. நூல்காரர் கொடுத்த நூலில் நான் நூல் எழுதுகிறேன். கைதட்டலுக்கு நன்றி. எழுதுபவர் இளம்பரிதி, பிளஸ் டூ, கரூர். கெமிஸ்ட்ரி லேபில் அமில பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றி எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தவன். சார் மயங்கி விழப் பார்த்தார். எலுமிச்சையும் அமிலம்தானே என்று நான் வாதாடியது எடுபடவில்லை.

அது பள்ளிக்கூட வேலை. வீட்டில் நான் தபால்காரன். அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. சண்டையும் கிடையாது, பாத்திரம் பறப்பதும் கிடையாது. 'அப்பாகிட்ட சொல்லு' என்று ஆரம்பித்து அம்மா பேசுவாள். 'அம்மாகிட்ட சொல்லு' என்று ஆரம்பித்து அப்பா பேசுவார். நான் நடுவில் நின்று கொண்டுபோய்க் கொடுப்பேன். சும்மா கொடுக்க மாட்டேன், கொஞ்சம் சர்க்கரை தூவித்தான் கொடுப்பேன். 'சோறு ஆறிப்போகுதுன்னு அப்பாகிட்ட சொல்லு' என்றால், 'மகாராணியார் தங்களை விருந்துக்கு அழைக்கிறார்' என்பேன்.

ஐப்பசியில் அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தது. என்ன ஆபரேஷன் என்று கேட்டால், "பொம்பளைங்க சமாச்சாரம், உனக்கெதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் அது. பெட்ஷீட் கடைக்காரருக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று கரூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் மட்டும்தான். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. "தியேட்டர்னு போட்டிருக்கீங்க, இன்டர்வெல் எப்போங்க்கா?" என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நானும் விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கண் விழித்ததும், "அப்பா வந்துட்டாரா கண்ணு?" என்றாள். "வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்றேன். யோசித்துப் பார்த்தால் என் தபால்காரன் வேலையில் அதுதான் முதல் தபால். யாரும் போடாத தபால்.

அப்பா கடை சாத்துகிற நேரத்துக்கு வந்தார். "வியாபாரம் விடல" என்றார். கையில் புதுப் போர்வை ஒன்று, பிளாஸ்டிக் கவரோடு. கவரில் வேறு ஏதோ கடைப் பெயர். பெட்ஷீட் கடைக்காரர் அடுத்தவன் கடையில் பெட்ஷீட் வாங்கிவந்த அதிசயத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தீபாவளியாச்சே, நம் கடையில் சரக்கு தீர்ந்திருக்கும். அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். போர்வை கவர் பிரிக்காமல் இன்னும் பீரோ மேலேயே கிடக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'ஏனுங்க' இல்லை. அம்மா அப்பாவைக் கூப்பிடும் பெயர் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்குக் கணவன் பெயர் ஏனுங்கதான், ரேஷன் கார்டில் என்ன இருந்தாலும் சரி. அந்த வார்த்தைக்குள்ளேயே ஒரு 'ஏன்' உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் ஏன் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இன்று சாயங்காலம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "டேய் பரிதி, அம்மாகிட்ட சொல்லு. வெள்ளிக்கிழமையிலிருந்து கடை லீவு. கடலுக்குப் போறோம். பூம்புகாருக்கு. அவசரமில்லாம, காவேரி ஓரமாவே, அங்கங்க நின்னு நின்னு."

கடையின் வாலை நறுக்கிவிட்டு வேறு வால் ஒட்டினால் கடல். இந்த ஒரு வாலை மாற்ற அப்பாவுக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது. கல்யாணமான புதிதில் கூட்டிப்போகிறேன் என்றாராம்.

அம்மா தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு இவருக்கு இந்த யோசனை சொன்னாங்கன்னு அப்பாகிட்ட கேளு."

ஹாலுக்குப் போய், "எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு அம்மா கேக்கறாங்க" என்றேன்.

இதுதான் நான்.

ஜனவரி 22, வியாழன்

நான் போகவில்லை. ரிவிஷன் டெஸ்ட் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ரிவிஷன் டெஸ்ட் இருப்பது உண்மை. செவ்வாய்க்கிழமைதான் என்பதைச் சொல்லவில்லை.

உண்மைக் காரணம் ராஜதந்திரம். இரண்டு முனைக்கும் நடுவில் ஒயர் நான்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு முனையும் நேராக உரசும். பொறி பறக்கும். பறக்கட்டும், கடலில் தண்ணீர் நிறைய இருக்கிறது.

"நாலு நாள் தனியா இருந்துக்குவியா?" என்று அம்மா பத்துத் தடவை கேட்டிருப்பாள்.

"அம்மா, நாளையிலிருந்து இந்த வீட்டுல மக்களாட்சி முடிஞ்சு தனியாட்சி. நான்தான் ராஜா. நீங்க கிளம்பினா போதும்."

"ராஜாவுக்கு மாவு அரைச்சு வெச்சிருக்கேன். பால் தெனமும் காய்ச்சணும். கேஸைத் திருகி மூடணும். ராஜா கேஸைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கிடாதீங்க."

கிளம்பும் ஏற்பாடுகளில் இன்னொரு தபால் வந்தது. "அப்பாகிட்ட சொல்லு, நான் பின்சீட்லதான் உக்காருவேன்." எங்கள் வண்டி கடைக்குச் சரக்கு ஏற்றும் பழைய ஆம்னி வேன். முன்னால் இரண்டு சீட், பின்னால் ஒரு சீட், எங்கே உட்கார்ந்தாலும் கஞ்சி போட்ட துணி வாசம். இந்தத் தபாலை நான் சேர்ப்பிக்கவே இல்லை. அதற்குப் பதிலாக, அம்மா குளிக்கப் போன நேரத்தில் பின்சீட்டை ரொப்பிவிட்டேன். தலையணை, மடக்கு நாற்காலி, வாட்டர் கேன், பீரோ மேல் கைக்குக் கிடைத்த துணிமணி எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி ஒரு மூட்டை, அதற்கு மேல் இன்னொரு மூட்டை. இனி அங்கே ஓர் எறும்புகூட உட்கார முடியாது.

ஜனவரி 23, வெள்ளி, காலை

கிளம்பிவிட்டார்கள். அம்மா பின்கதவைத் தள்ளினாள். ஒரு மூட்டை அவள் காலில் விழுந்து வணங்கியது. என்னைப் பார்த்தாள். நான் வானிலையைப் பார்த்தேன். முன்சீட்டில் ஏறி, கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். தெருமுனையில் வேன் திரும்பும்வரை கையாட்டினேன். திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினேன். எதிர்வீட்டு நாய், யாருக்கு என்பதுபோல் பார்த்தது.

ராஜாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

அதே நாள், மாலை

கதவைத் திறந்தால், வீடு காலையில் விட்டுப்போனது விட்டுப்போனபடியே இருக்கிறது. நாற்காலி மேல் போட்ட துண்டு நாற்காலி மேல். குடித்து வைத்த காபி டம்ளர் ஜன்னலில். பகல் முழுக்க யாருமே எதையும் எடுத்து வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் டம்ளர்கள் தாமாகவே கழுவிக்கொள்ளும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

என் ஒரே நண்பன் இர்பான் மாமா கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போய்விட்டான். செவ்வாய்க்கிழமைதான் வருவான். நல்லது. ராஜாக்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது.

ஐந்தரை மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"கண்ணு, அப்பாகிட்ட சொல்லு, அந்தக் கண்ணாடியைச் சாத்தச் சொல்லு. காத்து மூஞ்சியில அடிக்குது."

"எங்கம்மா இருக்கீங்க?"

"வேன்லதான். முக்கொம்பு தாண்டியாச்சு."

"அப்பா?"

"ஓட்டிக்கிட்டிருக்காரு."

"பக்கத்துலயா?"

"பின்ன, மேலயா?"

நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார். செய்தியைச் சொன்னேன். "சரி" என்றார். கண்ணாடி நகரும் சத்தம் கேட்டது. "அம்மாகிட்ட கேளு, இப்பப் பரவாயில்லையான்னு" என்றார். அம்மாவைக் கூப்பிட்டேன். பரவாயில்லையாம். முக்கொம்பில் ஒரு ஜன்னல் மூடுவதற்குக் கரூரிலிருந்து ஒரு மனிதன் மூன்று போன் பேச வேண்டியிருக்கிறது. ஒயரைப் பிடுங்கலாம் என்று பார்த்தால், அது எழுபது கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது.

பரவாயில்லை. திட்டம் இரண்டு: சர்க்கரையை அதிகமாக்குவது.

வீடு ரொம்ப அமைதி. படிக்க வசதி. பிரிட்ஜ் மட்டும் அவ்வப்போது உறுமுகிறது. "மிக்சிகிட்ட சொல்லு, பிரிட்ஜுக்குக் குளுருதாம்" என்றேன் சத்தமாக. நல்ல ஜோக்தான். ஹால் டிவியை அணைக்காமல் விட்டிருக்கிறேன். டிவிக்கும் யாராவது வேண்டுமே.

ஜனவரி 24, சனி, காலை

திருச்சியில் தங்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊருக்கு மூன்று நாள் பயணம். அப்பா சரக்கு ஏற்றினதுபோலவே ஓட்டுகிறார் போலிருக்கிறது.

"கண்ணு, தலை வலிக்குது. டீக்கடை வந்தா நிறுத்தணும்னு அப்பாகிட்ட சொல்லு."

திட்டம் இரண்டின்படி அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, ஆத்தோரமா ஒரு கடையில உங்களோட உக்காந்து டீ குடிக்கணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாளா ஆசையாம். சொல்லக் கூச்சப்படறாங்க."

அப்பா இன்ஜினை அணைத்தார். அவர் மூச்சு கேட்டது.

"அப்படியா சொன்னா?"

"அப்படியேதான்."

"கூச்சப்பட்டாளா?"

"ரொம்ப."

"சரிடா. டீயா, சுக்குக் காபியான்னு கேளு."

அம்மாவிடம், "அப்பா உனக்காகக் காவேரிக்கரை முழுக்கச் சுக்குக் காபி தேடிக்கிட்டிருக்காராம்" என்றேன்.

"ஆமாமா" என்றாள் அம்மா. "இப்பத்தான் கடை வாசல்ல வண்டிய நிறுத்தி வெச்சுட்டு, அதுக்குள்ளயே உக்காந்து தேடறாரு." குரலில் ஏதோ ஒன்று இருந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிரிப்பின் ஒன்றுவிட்ட தங்கச்சி.

நான் ஒரு மேதை. ஸ்பெஷல் கிளாசுக்குக் கிளம்புகிறேன்.

அதே நாள், மாலை

மதியத்தில் போனே வரவில்லை. வகுப்பில் பையைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒரு மணிக்குக் கல்லணையில் இருப்பதாகத் திட்டம். கல்லணையில் டவர் இருக்காது. கரிகாலன் கட்டும்போது அதை யோசிக்கவில்லை.

நான்கரைக்கு அம்மா போன் செய்தாள். தபால் ஏதும் இல்லை. சாப்பிட்டேனா, பால் காய்ச்சினேனா என்று கேட்டாள். குரல் ஜலதோஷம் பிடித்தவள் குரல்போல இருந்தது. "அழுதியாம்மா?" என்று கேட்டேன். "கல்லணையில காத்து. தூசி" என்றாள். சிரிக்கவைக்க வேண்டும் என்று, "சரியான ஊருக்குத்தான் போறே. அப்பா மேல புகார் சொல்லப் புகாருக்கே போறவ நீ ஒருத்திதான்" என்றேன். நன்றாகவே சிரித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா. "என்னடா, ராஜா வீட்டுல என்ன நடக்குது? நாளைக்குப் புகாருக்குப் போறோம், உன் மேல ஏதாச்சும் புகார் இருந்தா எழுதிக் குடுக்கட்டுமா?"

எனக்குத் தோன்றின அதே ஜோக் அப்பாவுக்கும் தோன்றியிருக்கிறது. மேதைத்தனம் ரத்தத்தில் இருக்கிறது.

தோசை ஊற்றினேன். முதலாவது கரி. இரண்டாவது இலங்கை வரைபடம். மூன்றாவது நன்றாக வந்தது. வட்டமாக, ஓரம் சிவந்து. யாரிடமாவது காட்டலாம் என்று தட்டோடு ஹால்வரை வந்துவிட்டேன். அப்புறம் தின்றுவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுந்தேன். போன் வரவில்லை. குளித்தேன். போனைச் சோப்பு டப்பா மேல் வைத்துக்கொண்டுதான் குளித்தேன். இல்லை. பதினொரு மணிவரை இல்லை. ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். தீரவில்லை. தெருவில் ஒருத்தர் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அம்மா இல்லையா தம்பி?" என்றார். "கடலுக்குப் போயிருக்காங்க" என்றேன். "நீ போகலியா?" என்றார். அவருக்கு ராஜதந்திரத்தை விளக்கிச் சொல்ல முடியாது. கோலப்பொடி வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார், அதற்காக இருக்கலாம்.

பதினொன்றே காலுக்கு நானே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இட்லி சாப்பிட்டியான்னு அப்பா கேக்கச் சொன்னாரு."

அம்மா எதையோ அவசரமாக விழுங்கினாள்.

"அப்பாவா? எப்போ கேட்டாரு?"

"இப்பத்தான். போன் பண்ணினாரு."

"ஓ" என்றாள் அம்மா. அப்புறம் மெதுவாக, "சாப்பிட்டேன்னு சொல்லிடு கண்ணு" என்றாள். "நீ சாப்பிட்டியா?"

"ராஜா சாப்பிடாம இருப்பாரா?"

"சரி" என்றாள். போனை உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தபால் அலுவலகமே திணறுகிற அளவுக்குக் கூட்டம். மயிலாடுதுறையில் வெயில் அடிக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பார்த்தாராம். அம்மாவின் முந்தானை கதவிடுக்கில் மாட்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். எடுத்துவிட்டாளாம். ரோட்டில் ஒரு வாத்துக்கூட்டம் குறுக்கே போகிறது என்று அம்மா. எத்தனை வாத்து என்று அப்பா. எண்ணவில்லை என்று அம்மா. எண்ணாமல் விட்டது தப்பு என்று அப்பா. இரண்டு போனும் மாறி மாறி அடித்து என் காது சூடாகிவிட்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தபாலாவது இல்லாமல் போகவில்லை. நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். படிக்கவே முடியவில்லை. எவ்வளவு நிம்மதி.

நான்கு மணிக்குக் கடல் வந்துவிட்டது.

"அப்பாகிட்ட சொல்லு கண்ணு, அலை ரொம்பப் பெருசா இருக்குதுன்னு."

சொன்னேன்.

"அம்மாகிட்ட சொல்லு" என்றார் அப்பா, "நானும் அதே அலையைத்தான் பாக்கறேன்னு."

இதற்குச் சர்க்கரை தேவைப்படவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்பாவின் போனில் பேசும்போது பின்னால் ஒரு பெண் குரல், "ஏனுங்க, செருப்பு..." என்றது. அலை சத்தத்தில் மீதி கேட்கவில்லை. பூம்புகாருக்கு நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போவார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று எடுத்துப் பையில் வைத்தேன், சின்ன வயசுப் பழக்கம். பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைவிடக் கொடுமை கிடையாது.

பால் திரிந்துவிட்டது.

மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். "கண்ணு, இங்க கடலைப் பாத்தாப்ல ரூம். நல்லா இருக்குது. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வியாழக்கிழமை வரட்டுமா? நீ சமாளிச்சுக்குவியா?"

"ஒரு வாரம்கூட இருங்க. எனக்கு இங்க ராஜபோகம்."

"நெசமாவா?"

"அம்மா, தனியா இருக்கறது எனக்கு அல்வா சாப்பிடற மாதிரி."

"சரி, அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள். வழக்கம்போல அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா வியாழக்கிழமைவரை இருக்கலாம் என்கிறாள் என்று சொன்னேன். "பரிதி என்ன சொல்றான்னு கேளு" என்றார். "அப்பா, பரிதி நான்தான்" என்றேன். "அட, ஆமா" என்றார். "நீ என்ன சொல்றே?"

"அல்வா" என்றேன்.

ஆக, திட்டம் வெற்றி. இருபது வருஷமாகக் கடையைப் பூட்டாத மனிதனை ஒரு வாரம் கடலோரம் உட்காரவைத்தவன் யார்? பின்சீட்டை ரொப்பியவன் யார்? சர்க்கரை தூவியவன் யார்? வரலாறு எழுதுபவர்கள் கவனிக்கவும்.

வரலாறு எழுதுபவர்கள் சாயங்காலம் யாராவது வந்தால் டீ போட்டுத் தருகிறேன். பால் இல்லை. கட்டன் சாயா.

ஜனவரி 27, செவ்வாய்

ரிவிஷன் டெஸ்ட் எழுதினேன். இர்பான் வரவில்லை. திண்டுக்கல்லிலேயே காய்ச்சலாம்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்றுகொண்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்யும்போதே ஒரு தபாலைத் தயாரித்துவிட்டேன்.

"அம்மா, அப்பா இப்பத்தான் போன் பண்ணினாரு. அவருக்குக் கடை ஞாபகம் வந்துடுச்சாம். உடனே ஊருக்குக் கிளம்பணுமாம். உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்குதாம்."

"அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான்."

அம்மா போனை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் குரல் தெளிவாகவே கேட்டது.

"ஏனுங்க, நீங்க இப்ப உங்க மகனுக்குப் போன் பண்ணுனீங்களா?"

"நான் எங்கடி பண்ணினேன்? ரெண்டு கையிலயும் நண்டு."

பூம்புகார் பக்கம் பெண்கள் 'ஏங்க' என்பார்கள். ஏனுங்க என்று அங்கே எவளும் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலைக் கேட்டபோதே எனக்கு இது தெரியும். தெரியாது என்று இந்த டைரிக்கே கயிறு திரித்திருக்கிறேன்.

"எப்பருந்தும்மா?" என்றேன்.

"சனிக்கிழமை. கல்லணையில." அம்மா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ ரொப்பி வெச்ச மூட்டை ஒவ்வொரு வேகத்தடைக்கும் பிரிஞ்சு பிரிஞ்சு மேல விழுந்துச்சு. கல்லணையில நிறுத்தி எடுத்துக் கட்டலாம்னு பாத்தா, உள்ள அந்தப் போர்வை. ஆஸ்பத்திரிக்கு அவரு வாங்கியாந்தது. நீ அதையும் அள்ளி வெச்சிருக்கே."

"பாக்காம அள்ளினேம்மா."

"கவர்ல பாத்தா கடைப் பேரு. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல இருக்கற கடை. என்னையறியாமலே வாயில வந்துடுச்சு. ஏனுங்க, நம்ம கடையில இருந்தவரு எதுக்குங்க எதுத்த கடையில போர்வை வாங்கணும்னு. கேட்டுட்டேன்."

ஏனுங்க என்று ஆரம்பித்து, அதற்குள் இருக்கிற அந்த 'ஏன்'ஐயும் கேட்டுவிட்டாள்.

"கடையில இல்லடா அவரு. காலையில கடையை ஆளுககிட்ட விட்டுட்டு வந்து, ஆஸ்பத்திரிக்கு எதுத்த பஸ் ஸ்டாப்லயே கடை சாத்தற நேரம் வரைக்கும் உக்காந்திருந்திருக்காரு. உள்ள வரப் பயமாம். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு அந்தப் போர்வையை வாங்கியிருக்காரு. பயம்னு சொல்ல வெக்கப்பட்டு வியாபாரம்னு சொல்லிட்டாரு. நானும் மூணு மாசமா அதை நம்பிக்கிட்டிருந்தேன்."

அப்பாவின் குரல் பக்கத்தில் வந்தது. நண்டைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது.

"வாசல் வரைக்கும் வந்தேன்டா. கண்ணாடிக் கதவு வழியா உன்னைப் பாத்தேன். நர்ஸோட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தே. பயலுக்குப் பயமே இல்லை, இவன் இருந்தா போதும்னு நெனச்சு மறுபடி பஸ் ஸ்டாப்புக்கே போயிட்டேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரே ஜோக்கை அந்த நர்ஸ் அக்காவிடம் நான்கு தடவை சொன்னேன். நான்காம் தடவை அவர் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்தார்.

"சரி, சனிக்கிழமையே பேசிட்டீங்க" என்றேன். "அப்புறம் எதுக்கு வாத்து, முந்தானை, வெயிலு?"

இரண்டு பேரும் சேர்ந்து பேசாமல் இருந்தார்கள். இந்தத் தடவை அது வேறு மாதிரியான பேசாமை.

"ஞாயித்துக்கெழமை காலையில நீ போன் பண்ணினே இல்ல" என்றாள் அம்மா. "அப்பா இட்லி சாப்பிட்டியான்னு கேட்டாருன்னு. அப்போ அந்த இட்லியை அவருதான் எனக்குப் பிட்டுக் குடுத்துக்கிட்டிருந்தாரு. குரலைக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. பயலுக்குப் பேச ஆளில்லைன்னு. அவருதான் சொன்னாரு, ஏதாச்சும் வேலை குடுப்போம்னு."

"அந்த டீ? கூச்சம்?"

"டேய்" என்றார் அப்பா. "அவ தலைவலின்னு உன்கிட்ட சொல்லும்போது நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன். எனக்குக் காது இருக்குதுடா."

என் ராஜதந்திரத்தில் இந்த ஒரு பாயின்ட் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் காது இருக்கும். கண்ணாடியைச் சாத்தச் சொன்னதும் கேட்டிருக்கிறது. டீயும் கேட்டிருக்கிறது. நான் தூவின சர்க்கரை எல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்திருக்கிறது. பின்சீட்டை ரொப்பியதில் ஒரு மூளையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அள்ளினது. நான் சேர்ப்பித்தது என்று ஒன்றுகூட இல்லை. கடைசி மூன்று நாளாகத் தபால்காரனுக்குத்தான் தபால் வந்துகொண்டிருந்தது.

"சரி கண்ணு, வியாழக்கிழமை வந்துடறோம். அதுதான் அல்வா சாப்பிடற மாதிரி இருக்குதுன்னியே" என்றாள் அம்மா. கேட்பதுபோலவே சொன்னாள். என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடுகிறது. அது டிவிக்காக அல்ல.

"அம்மா."

"என்ன சாமி?"

"அப்பாகிட்ட சொல்லு..."

"அவரு இங்கதான இருக்காரு. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். நீயே சொல்லு."

"இல்ல, நீ சொல்லு. எனக்கு வெக்கமா இருக்குது. அன்னிக்கு ஆஸ்பத்திரியில எனக்கும் பயந்தான்னு சொல்லு. இப்பவும் தனியா இருக்கப் பயமா இருக்குதுன்னு சொல்லு."

அம்மா சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, சர்க்கரை தூவவில்லை.

"ஏனுங்க, பரிதிக்கும் அன்னிக்குப் பயந்தானாம். இப்பவும் தனியா இருக்கப் பயமா இருக்குதாம்."